பிறப்புத் தாளும் வளர்ப்புத் தாளும்

இருபது முகப் பகடையை முட்டை அட்டையில் உருட்டினால் அது ஏதாவது ஒரு குழியில் சாய்ந்து நின்றுகொள்ளும். எந்த முகம் மேலே இருக்கிறது என்று மூன்று பேரும் தலையை நுழைத்துப் பார்த்துச் சண்டை போடுவோம். நாமக்கல்லுக்கு வெளியே சித்தப்பாவின் கோழிப்பண்ணையில், தீவன மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கல்லூரி விடுமுறை மதியங்களை இப்படித்தான் கழித்தோம். சித்தப்பாவின் மகள், அவளுடைய தம்பி, நான். அவளைவிட நான் இரண்டு வயது மூத்தவள். அந்த மூப்பை வைத்து அதிகாரம் செய்ததைத் தவிர அவளுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை.

ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பேசிப் பேசியே கதையை வளர்க்கும் விளையாட்டு அது. கதையை நடத்துபவள் அவள். ஆங்கில மாயக்கதைகளில் வரும் குள்ளர், எல்ஃப், ஓர்க் போன்ற கூட்டங்களில் ஓர் இனத்தை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் போனில் இறக்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த விதிப்புத்தகத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். குள்ளர் என்றால் இருட்டில் கண் தெரியும், கோடாலி பிடிக்கத் தெரியும், கல்லைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்வார். ஓர்க் என்றால் பலசாலி, முரடன், பொசுக்கென்று கோபப்படுவான். நானும் தம்பியும் அதை அப்படியே நம்பி ஆடிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அவள் அந்தப் பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு வெள்ளைத் தாள் கொடுத்தாள். ஒன்றில் 'பிறப்பு' என்றும் மற்றதில் 'வளர்ப்பு' என்றும் தலைப்பிட்டிருந்தாள்.

"அக்கா, இருட்டுல கண்ணு தெரியறது ஒடம்போட வர்றது. கோடாலி புடிக்கறது ஆராச்சும் சொல்லிக் குடுத்தாத்தான வரும்? ரெண்டையும் ஒரே தாள்ல எழுதி வெச்சா எப்புடி?" என்றாள்.

விளையாட்டைப் பாடப் பரீட்சை ஆக்குகிறாள் என்று நான் கேலி செய்தேன். ஆனால் அது பிடித்துப்போனது. தம்பி உடனே குள்ளர் வீட்டில் வளர்ந்த ஓர்க் ஒருவனை உண்டாக்கினான். பிறப்புத் தாளில் பெரிய உடம்பு, கோரைப்பல், பலம். வளர்ப்புத் தாளில் குள்ளர் பாஷை, கல் வேலை, சாப்பிடும் முன் அடுப்பைத் தொட்டுக் கும்பிடும் வழக்கம். ஓர்க் பாஷையில் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. கோபத்தை எந்தத் தாளில் எழுதுவது என்று தம்பி கேட்டதற்கு அவள் வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் இரண்டிலும் எழுத வேண்டாம், ஆடுகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும் என்றாள். குள்ளர் ஊருக்குள் அந்த ஓர்க் நுழைந்தபோதெல்லாம் சந்தையில் ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். அதை அவள் சிரிக்காமல் சொல்வாள்.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பல வருஷம் குழந்தை இல்லாமல், கைக்குழந்தையாகச் சேலத்திலிருந்து தூக்கி வந்த பிள்ளை அவள். மூன்று வருஷம் கழித்துத் தம்பி பிறந்தான். இது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். யாரும் மறைத்ததில்லை, யாரும் பேசியதுமில்லை. அவள் எதற்காகத் தாளைப் பிரித்தாள் என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. எனக்குப் பகடையில் எவ்வளவு விழுந்தது என்பதுதான் கவலை.

பிறகு தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ நீர்ச்செம்போடு வந்து அவன் பக்கத்தில் நிற்பாள். மடித்த கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம் இருக்கும், மறுமுனை அவளிடம். கூடப் பிறந்தவளின் உரிமை அது. அதற்காக அவள் சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை ஊருக்குப் போய்த் தானே பட்டு எடுத்து வந்திருந்தாள். தலை நிறையப் பூ வைத்து, செம்பைக் கையில் ஏந்தி நின்றுகொண்டிருந்தாள். சீரை நடத்தும் அருமைக்காரர் மணவறையில் அரிசியைப் பரப்பிக்கொண்டிருந்தார். அப்போது சித்தி என்னிடம் வந்தார்.

"நீ வந்து நில்லு சாமி. ரத்த சம்பந்தம் இருக்கோணும்னு பெரியவங்க சொல்றாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அவளத்தான பேசுவாங்க" என்றார். சித்தியின் கண் தரையைப் பார்த்தது.

அவளுக்கு அது கேட்டது. தம்பிக்கும் கேட்டது. அவன் மாலையைச் சரிசெய்துகொண்டான். நான் மறுக்கவில்லை. நல்ல நாளில் எதற்குப் பேச்சு என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் தைரியம். அவளே வந்து என் சேலைக் கொசுவத்தை நீவிவிட்டு, செம்பை என்னிடம் கொடுத்தாள்.

"கனமா இருக்குக்கா. ரெண்டு கைல புடி."

நான் போய் நின்றேன். படத்தில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பண்ணைக்கு வருவது குறைந்து, நின்றே போனது. சேலத்தில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை, அம்மாபேட்டையில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு வேலை செய்பவர்களைச் சேர்த்து இன்னும் ஆட்டம் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆறு வருஷம் கழித்துப் போன மாதம்தான் அவளைப் பார்க்கப் போனேன். காப்பி கொடுத்தாள். சித்தப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் மனதில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதை ஒருவழியாகச் சொன்னேன். பெரியவர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டுவிட்டேன், முறை அப்படி இருந்தது, என்னை மன்னித்துவிடு என்றேன்.

"முறை அப்புடியெல்லாம் இல்லீங்க்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "மூணு நாளைக்கு முன்னாலயே நான் அருமைக்காரர் ஊட்டுக்குப் போயிக் கேட்டுட்டேன். வளந்த ஊடுதான் உன் ஊடு சாமி, நீ தாராளமா நில்லுன்னாரு."

எனக்கு டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. பிறகு ஏன் செம்பைக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அவளே நிக்கட்டும்னு உங்கள்ல ஒருத்தராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

வெளியே தறிச்சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து, நான் ஏறி உட்காரும்வரை நின்றாள்.