பாரம் குறைந்த ஒரு துவக்கு

துவக்கு வாங்கப் போகிறேன் என்று இவர் சொன்னபோது நான் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஊரில் துவக்குடன் யாரையாவது கண்டால் ஒழுங்கை மாறிப் போகிற மனிசன். இங்கே வெள்ளைக்காரர் நாட்டில், கோலியர்ஸ் வுட்டில் இருந்துகொண்டு, பஸ் டிப்போவில் வேலை செய்துகொண்டு, இவருக்கு எதற்குத் துவக்கு? கேட்டேன். சனிக்கிழமைகளில் சுடுவதற்கு என்றார். சொல்லிவிட்டுத் தன் தேத்தண்ணீரைக் குடித்தார்.

அது 2009ஆம் ஆண்டின் தொடக்கம். அதற்கு முந்திய கோடையில் டிப்போவில் இவரோடு வேலை செய்த வெள்ளைக்கார மெக்கானிக் ஒருவர் இவரைத் தன்னுடைய ரைபிள் கிளப்புக்கு அழைத்துப் போயிருந்தார். மோர்டனுக்கு அப்பால், விளையாட்டு மைதானம் ஒன்றின் ஓரத்தில் இருந்த நீளமான மரக்கொட்டில் அது. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு இருபத்தைந்து யார் தள்ளி மாட்டியிருக்கும் கடதாசி அட்டையில் சுடுவார்கள். கூப்பிட்ட மனிசனின் முகத்துக்காக ஒருநாள் போனவர், பிறகு ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. சுட்ட அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ரிப்போர்ட் காட்டுவதுபோல எனக்குக் காட்டுவார். பத்துத் துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தேயிலை வடிக்க உதவும், வையுங்கோ என்பேன். சிரிப்பார்.

எப்படிச் சுடுவது என்று ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டுமாம். நெஞ்சு ஒருமுறை அடித்து அடுத்த முறை அடிப்பதற்கு இடையில் விரலை மெல்ல அழுத்த வேண்டுமாம். அந்த நேரத்தில் தலைக்குள் வேறொன்றும் வராதாம். அதுதான் இவருக்கு வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் பேசி முடித்த பிறகும் இவருடைய கை நடுங்கிக்கொண்டே இருக்கும். கிளப்பில் மட்டும் அந்தக் கை அசையாது என்று மெக்கானிக் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை.

இவருக்கு இருந்தது ஒரேயொரு தங்கச்சி. அவள் புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னியில் அகப்பட்டிருந்தாள். சண்டை நெருங்க நெருங்க இடம் மாறிக்கொண்டே போனார்கள். எங்காவது போன் கிடைத்தால் இரண்டு நிமிடம் பேசுவாள். கடைசியாகப் பேசியது பெப்ரவரியில். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை என்றாள், அண்ணை கவலைப்படாதேங்கோ என்றாள். எங்கே நிற்கிறாய் என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

டூட்டிங்கிலும் கோலியர்ஸ் வுட்டிலும் இருந்த எங்கள் சனம் முழுவதும் அந்த வசந்தத்தில் இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றது. நானும் போனேன். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போய், தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வருவேன். இவர் இரண்டு நாள் வந்தார். செத்துப் போனவர்களின் படங்களைப் பெரிதாக்கி எல்லோரும் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இவர் ஒவ்வொரு படத்துக்கும் கிட்டப் போய் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் வரமாட்டேன் என்றுவிட்டார். சனிக்கிழமை வந்ததும் கிளப்புக்குப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கே சனம் சாகிறது, நீங்கள் இங்கே படுத்துக்கொண்டு கடதாசிக்குச் சுடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கிளப்புத் துவக்குகள் பழையவை, சரியான பாரம். கடையொன்றில் வருடக்கணக்காகப் பெட்டி தூக்கிய காலத்தில் இவருடைய இடது தோள் பழுதாகியிருந்தது. அரை மணி நேரம் படுத்துச் சுட்டால் அடுத்த நாள் கையைத் தூக்க ஏலாது. ஆகவே பாரம் குறைந்த, அடிக்கடி பழுதாகாத ஒன்றைத் தனக்கென்று வாங்க வேண்டும் என்று நினைத்தார். சாப்பாட்டு மேசை முழுவதும் துவக்குப் படங்கள் போட்ட புத்தகங்கள் பரவிக் கிடந்தன. மரப்பிடி போட்டது பார்க்க வடிவு, ஆனால் மழைக்குள் கொண்டு திரிந்தால் மரம் வளையுமாம். கறுப்புப் பிளாஸ்டிக் பிடி போட்டது இரண்டரைக் கிலோ கூட வராது. தானாகக் குண்டு ஏறுகிற வகை இடைக்கிடை சிக்குமாம். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துப் பூட்டுகிறதுதான் ஒருநாளும் ஏமாற்றாது என்று கிளப்பில் இருந்த கிழவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். அவர்களிடம் இரவல் வாங்கி ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை சுட்டுப் பார்த்து, கொப்பியில் குறித்து வைத்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் இவ்வளவு யோசிக்கவில்லை என்றேன். அப்போது எனக்குக் கொப்பி தரவில்லையே என்றார். தங்கச்சியின் போன் நின்ற பிறகு இவர் விட்ட ஒரே பகிடி அதுதான்.

என் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் நகைக்காக எங்கள் ஆட்களின் வீடுகளையே பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். பக்கத்துத் தெருவில் பட்டப்பகலில் பின்கதவை உடைத்து உள்ளே வந்து, வீட்டுக்காரியைக் கதிரையில் கட்டிவிட்டுத் தாலிக்கொடியை அறுத்துப் போனார்கள். தொலைக்காட்சியைப் போட்டால் வெறுங்கையோடு ஓடுகிற எங்கள் சனம். வீட்டில் ஒரு துவக்கு இருந்தால் ஆபத்து அந்தரத்துக்கு உதவும் என்று நான் நினைக்கத் தொடங்கினேன். எனக்கும் தூக்கக்கூடிய பாரத்தில் பார்த்து எடுங்கோ என்று இவரிடம் சொன்னேன். இவர் சிரித்துவிட்டு, துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருக்கும், குண்டு வேறாகப் பூட்டியிருக்கும், திறப்பு தன்னிடம் மட்டும்தான் இருக்கும், நான் தொடவே கூடாது, இது காவலுக்கு இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். வெளியாருக்குச் சொல்ல வேண்டிய கதையை எனக்கும் சொல்லிப் பழகுகிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பொலிசுக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. இவரை நல்ல மனிசன் என்று சொல்லி இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களோடு கோயிலுக்கு வருகிற ஒருவரைக் கேட்டபோது அவர் பதறிவிட்டார். இந்த நேரத்தில் தமிழன் துவக்குக் கேட்கலாமா, உமக்கு விசரா என்று இவரைக் கேட்டார். கடைசியில் மெக்கானிக்கும் கிளப்புக்காரர் ஒருவரும் கையெழுத்து வைத்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு இவர் சுவரில் துளை போட்டு இரும்பு அலுமாரியை இறுக்கினார். அன்று முழுவதும் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளைக்குப் பிறகு!

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொலிசிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். சீருடை இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி இருந்தார். நான் விடியவே எழும்பி மீன் பற்றிஸ் பொரித்து வைத்திருந்தேன். இரண்டு சாப்பிட்டார். எவ்வளவு காலமாகச் சுடுகிறீர்கள், எந்த வகை வாங்கப் போகிறீர்கள், ஏன் பாரம் குறைந்தது என்றெல்லாம் கேட்டார். விளையாட்டுக்கு, கிளப்பில் சுட, தோள் வலி என்று இவர் இரண்டு மூன்று சொல்லில் பதில் சொன்னார். வந்தவர் அலுமாரியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திருப்திதான். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். ஓம் என்றால் போதும். அவ்வளவுதான் கேள்வி.

இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒவ்வொரு காகிதமும் பயத்தைக் காட்டித்தான் கிடைத்தது. வந்த புதிதில் அகதி விசாரணைக்குப் போவதற்கு முன்னால் லோயர் திரும்பத் திரும்பச் சொன்னார், குறைத்துச் சொல்லாதேங்கோ, பட்டது முழுவதையும் சொல்லுங்கோ என்று. நெஞ்சை நிமிர்த்திப் பேசியவர்களுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. நான் அழுதேன், எனக்கு விசா தந்தார்கள். பிறகு கவுன்சிலில் வீடு கேட்டபோதும் அதுதான், டொக்டரிடம் கடிதம் கேட்டபோதும் அதுதான். பேனாவோடு ஒரு அதிகாரி முன்னால் இருந்தால் என் வாய் தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும். அதோடு, இவர் ஒழுங்காகப் பேசாமல் காரியத்தைக் கெடுக்கிறார் என்றும் எனக்குப் பட்டது. விளையாட்டாம்! விளையாட்டுக்கு யார் துவக்குத் தருவான்?

ஆகவே நான் சொன்னேன். பக்கத்துத் தெருவில் நடந்த களவைச் சொன்னேன். மச்சாள் வன்னியில் பங்கருக்குள் கிடக்கிறாள், இரண்டு மாதமாகச் சத்தம் இல்லை என்று சொன்னேன். கையில் ஒன்றும் இல்லாத சனத்துக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும், நாளைக்கு இங்கே ஏதும் நடந்தால் எங்களிடம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றேன். இவர் சரியாக நித்திரை கொள்வதில்லை, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறார், கை நடுங்குகிறது என்றேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதில் பொய் இல்லை.

வந்தவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"இஞ்சேரும், காணும், நிப்பாட்டும்," என்றார் இவர் தமிழில், மெல்ல.

நான் நிறுத்தவில்லை. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

அந்த மனிதர் நல்லவர். தங்கச்சியைப் பற்றிக் கேட்டு மிகவும் வருந்துகிறேன் என்று சொன்னார், சும்மா வாயால் சொல்லவில்லை. பிறகு இவரைப் பார்த்து, நித்திரை வருவதில்லை என்பது உண்மையா என்று கேட்டார். இவருக்குப் பொய் வராது. ஓம் என்றார். ஆபத்து வந்தால் எடுக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். நான் உங்களை நம்புகிறேன், ஆனால் இங்கே கேட்டதை எழுதாமல் விட முடியாது என்றார் அவர். வாசலில் நின்று இவருடைய கையைக் கனநேரம் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் நான் இவரிடம், பார்த்தீர்களா, நான் கதைத்தபடியால்தான் மனிசன் இளகினவர் என்றேன். இவர் அந்த மனிதர் குடித்த கோப்பையை எடுத்துப் போய்க் கழுவத் தொடங்கினார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. வீட்டுப் பாதுகாப்புக்காகத் துவக்கு வைத்திருப்பதை இந்த நாடு ஒரு காரணமாக ஏற்பதில்லை என்று முதலில் இருந்தது. விண்ணப்பித்தவரின் தற்போதைய மனநிலை பற்றிக் கவலை இருப்பதாக அடுத்து இருந்தது. நான் சொன்னவைதான் நல்ல ஆங்கிலத்தில் திரும்பி வந்திருந்தன. அதோடு முடியவில்லை. அடுத்த கிழமை மெக்கானிக் வீட்டுக்கு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மறுக்கப்பட்ட ஒருவரைக் கிளப்பில் சுடவிட முடியாது, தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். இவர்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். ரைபிளோடு சனிக்கிழமைகளும் போய்விட்டன.

மே மாதம் ஊரில் சண்டை எல்லாம் முடிந்தது. ஜூலையில் முகாமிலிருந்து ஒருவர் மூலம் சேதி வந்தது. தங்கச்சியும் இளைய பிள்ளையும் ஷெல் விழுந்து போய்விட்டார்கள். ஏப்ரலில் என்றார்கள். எந்த நாள் என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. திவசத்துக்குத் திதி கேட்ட ஐயரிடம் இவர், தெரியாது என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

என் முன்னால் இவர் அழவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். சனிக்கிழமைகளில் மட்டும் வழமையான நேரத்துக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன்னறையில் வந்து இருப்பார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கழற்றுவார். ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. போய் எதிரில் நிலத்தில் இருந்தேன்.

"என்னை ஏசுங்கோவன்," என்றேன். "இப்பிடி இருக்காம ரெண்டு பேச்சாவது பேசுங்கோ."

"ஏன் பேசோணும்? நீர் ஒரு பொய்யும் சொல்லேல்லையே."

அப்படியென்றால் அந்தத் துவக்கு எதற்குத்தான் உங்களுக்கு இவ்வளவு தேவைப்பட்டது, தங்கச்சியை நினைத்தா, எங்களை நினைத்தா என்று கேட்டேன். இவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"இந்த நாட்டில இருக்கிறதெல்லாம் அழுது வாங்கினதுதானே," என்றார். "ஒண்டையாவது அழாமல், எனக்கு விருப்பம் எண்டு மட்டும் சொல்லிக் கேட்டுப் பாப்பம் எண்டு நினைச்சன். அந்த மனிசனும் தாறதுக்குத்தான் இருந்தவர்."

குரலில் கோபமே இல்லை. என்னைக் குத்திக்காட்டச் சொன்னதும் இல்லை, கேட்டதற்குச் சொன்ன பதில். பத்து மாதம் அந்தக் கொட்டிலில் இவர் ஒரு மெக்கானிக்கின் சிநேகிதனாக, கை நடுங்காத ஒருவராக மட்டும் இருந்திருக்கிறார். நான் பற்றிஸ் பொரித்து வைத்து, வெளியிலிருந்து வந்த ஒரு மனிதருக்கு முன்னால் இவரை மறுபடியும் அகதியாக்கிவிட்டேன்.