பத்தாம் நம்பர் ஸ்பேனர்

டாக்சி ஸ்டாண்டில் அவருக்குக் கறார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். யாரிடமும் ஒரு பைசா அதிகம் வாங்கியதில்லை, யாருக்கும் ஒரு பைசா விட்டுக்கொடுத்ததும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மாமனாரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றுகூட, கிழவர் கதவைச் சாத்திய கையோடு இவர் கை மீட்டருக்குப் போனது. மீட்டர் ஓடாமல் என் வண்டி ஓடாது என்று விளக்கம் வேறு. மாமனார் இறங்கும்போது காசைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த வண்டியில் அவர் ஏறவில்லை.

கறாருக்கு இதில் வருத்தம் கிடையாது, பெருமைதான். நேர்மையாக இருப்பவனை நாலு பேருக்குப் பிடிக்காது என்பது அவர் சித்தாந்தம். நாலு பேருக்குப் பிடிக்கவில்லை என்பதாலேயே ஒருவன் நேர்மையானவனாகிவிட மாட்டான் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னவன் அன்றிலிருந்து எதிரி.

எதிரிகளில் முதல் இடம் மைத்துனனுக்கு. மனைவியின் தம்பி, கல்யாணமாகாதவன், அவர்கள் வீட்டின் முன்னறையிலேயே கட்டில் போட்டுக்கொண்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பழைய இன்ஜின், கியர்பாக்ஸ்களை விற்கும் கிடங்கில் அவனுக்கு வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், கறார் தூங்கும் நேரம் பார்த்து, கூட்டாளிகளோடு ஊர் சுற்ற வண்டியை எடுத்துப் போய்ப் பின்கதவில் நீளமாக ஒரு கீறலோடு கொண்டு வந்து விட்டான். தப்புதான். அவனே வந்து சொன்னான், மன்னிப்புக் கேட்டான், பெயின்ட் அடித்தும் கொடுத்தான். கீறல் போய்விட்டது. கறாரின் மனதில் இருந்ததற்குப் பெயின்ட் அடிக்க ஆளில்லை.

அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று குடியேறியது. இரவு வண்டியை நிறுத்தியதும் முன்மூடியைத் தூக்குவார், பேட்டரி ஒயரின் முனையைக் கழற்றி ஓரமாக வைப்பார், மூடுவார். காலையில் மாட்டுவார். பல் விளக்குவதுபோல அது ஒரு வழக்கமாகிவிட்டது. சாவியை ஒளித்து வைத்தாலும் திருடன் கண்டுபிடித்துவிடுவான், கரண்ட்டே இல்லாத வண்டியை என்ன செய்வான் என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். மனைவி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். தம்பியும் அப்படியே.

பிறகு இடது முழங்கால் காலை வாரியது. கிளட்சை மிதித்தால் உயிர் போனது. சிக்னலுக்குச் சிக்னல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: கிளட்ச் உள்ள வண்டியை இனி தொடக்கூடாது. புது வண்டி வாங்க வழியில்லை. டாக்சியை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது. அப்போது வழி சொன்னவன் மைத்துனன்தான். இதே மாடல் காரில் வரும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்று கிடங்குக்கு வந்திருக்கிறது, கிளட்சே வேண்டாம், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நகரும், மாற்றிவிடலாம் என்றான். கறார் சம்மதித்தார். நன்றி என்று ஒரு வார்த்தை வந்ததா என்றால், இல்லை.

கியர்பாக்ஸ் மாறியது. இனிப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் டாக்சி உரிமத்தைப் புதுப்பிப்பார்கள். அதுவரை பயணிகளை ஏற்றக்கூடாது. மாதக் கடைசி தாண்டினால் உரிமம் காலி, ஸ்டாண்டில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

முதல் தடவை பரிசோதனை நிலையத்துக்குள் போனதுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேகம் காட்டும் மீட்டர்களுக்கு நடுவே, கோளாறு இருந்தால் எரியும் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பழைய இன்ஜினுக்கும் புதிதாக வந்த கியர்பாக்ஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றார் அதை மாற்றிக் கொடுத்த மெக்கானிக். கறார் வீட்டு நிலவரமும் ஏறக்குறைய அதுதான். கியர்பாக்ஸுக்கு உரிய கம்ப்யூட்டர் பெட்டியைத் தேடிப் பிடித்துப் பொருத்தியதும் விளக்கு அணைந்தது.

இரண்டாம் தடவை, பரிசோதனை நிலையத்துப் பெண் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகித் திரையைப் பார்த்தாள். "தயார் இல்லை" என்று வந்தது. ஓடும்போது வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், அதற்குச் சில நாள் ஆகும், உங்கள் வண்டியில் ஞாபகமே இல்லை, யாரோ துடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு வாரம் நன்றாக ஓட்டிவிட்டுக் கொண்டு வரச் சொன்னாள்.

அவள் சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்தார். தினமும் காலையில் பேட்டரியை மாட்டினார், ஊருக்கு வெளியே போகும் பெரிய சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டினார், நெரிசலிலும் ஓட்டினார், வீட்டுக்கு வந்து பேட்டரியைக் கழற்றினார். ஒரு நாள் தவறவில்லை. மூன்றாம் தடவையும் திரை அதையே சொன்னது.

"சார், ஒரு தடவைன்னா தெரியாம நடந்துச்சுன்னு விட்டுடலாம். ஃபால்ட்டை மறைக்கிறவங்கதான் ஞாபகத்தை அழிச்சுட்டு எடுத்துட்டு வருவாங்க" என்றாள் அந்தப் பெண்.

கறாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாழ்நாளில் ஒரு பயணியைச் சுற்றுவழியில் கூட்டிப் போகாத மனிதரைப் பார்த்து ஏமாற்றுக்காரர் என்கிறாள். லஞ்சத்துக்குக் கை நீட்டக் காத்திருக்கிறாய், அதான் இந்த நாடகம் என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். காவலாளி வந்து தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

வழியெல்லாம் யோசித்து, வீடு வருவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். வேறு யார்? கிடங்கில் விலை போகாத குப்பையைத் தன் தலையில் கட்டியவன். அது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று தினமும் எதையோ நோண்டி அழிக்கிறான். நேராகக் கிடங்குக்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கை கழுவக்கூட விடாமல், முதலாளி பார்க்க, கூட வேலை செய்பவர்கள் பார்க்க, சட்டையைப் பிடித்து இழுத்து வந்து வண்டியில் தள்ளினார். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் இறக்கி, "இவன் என் வண்டியில என்ன செஞ்சு வச்சிருக்கான்னு இவன் முன்னாலயே பாருங்க" என்றார் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக் முன்மூடியைத் தூக்கினார். ஒயர்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கடைசியில் அவர் கண் பேட்டரியில் நின்றது. முனையைப் பிடித்திருந்த நட்டின் மூலைகள் தேய்ந்து உருண்டு, வெள்ளிபோலப் பளபளத்தன.

"இதை யாரு தினமும் கழட்டி மாட்டுறது?"

மைத்துனன் கறாரின் சட்டைப் பையைப் பார்த்தான். ஸ்பேனர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"கேக்கிறாருல்ல, சொல்லுங்க மாமா."

சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மெக்கானிக் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "பேட்டரியைக் கழட்டினா கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துடும். பகல் பூரா அது படிச்சதை ராத்திரி நீங்களே அழிச்சிருக்கீங்க."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்ன வார்த்தைதான். கறார் மெக்கானிக் பக்கம் திரும்பி, இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன கேடு என்று எரிந்து விழுந்தார். திரும்பிப் பார்த்தபோது மைத்துனன் தெருமுனையில் நடந்துகொண்டிருந்தான். சாப்பிட்ட கை காய்ந்துபோயிருந்தது.

அந்த வாரம் பேட்டரி கழற்றப்படவில்லை. கறாருக்கோ தூக்கம் போயிற்று. படுத்தபடியே வாசல் பக்கம் காதை வைத்திருந்தார். இன்று வருவான், இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தார். யாரும் வண்டிப் பக்கம் வரவில்லை. வருவது என்ன, வேலைக்குப் போகும்போதுகூட மைத்துனன் வண்டி நிற்கும் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றிப் போனான். எப்போதிலிருந்து இப்படிப் போகிறான் என்று மனைவியிடம் கேட்டார். "ரெண்டு வருஷமா" என்றாள் அவள், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கறாருக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாகத் தான் பூட்டிக் காத்ததை யாரும் திருட நினைக்கவே இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

நாலாம் தடவை திரையில் "தயார்" என்று வந்தது. புகையும் அளவுக்குள் இருந்தது. அந்தப் பெண் தன்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று கறார் சற்று நேரம் நின்று பார்த்தார். அவள் சான்றிதழை நீட்டிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டாள்.

உரிமத்தையும் புதுப்பித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு தகரப்பெட்டி, ஒரு மேசை விசிறி, தலையணையை உள்ளே வைத்துச் சுருட்டிய படுக்கை.

"தம்பிக்கு ரூம் கிடைச்சிடுச்சு. நீங்களே கொண்டுபோய் விட்டுடுங்க. வேற டாக்சி வந்தா நாலு பேர் சிரிப்பாங்க" என்றாள் மனைவி. அவள் அழுதிருந்தாள். எதற்கு, யாரால் என்று அவர் கேட்கவில்லை.

சாமான்கள் ஏறின. முன் சீட் காலியாக இருந்தும் மைத்துனன் பின்னால் உட்கார்ந்து, தேவைக்கு மேல் ஒரு துளி சத்தம் வராமல் கதவைச் சாத்தினான். கறார் இன்ஜினைக் கிளப்பினார். போகாதே என்று சொல்ல வேண்டும். அது தொண்டை வரை வந்தது, நிச்சயமாக வந்தது.

"முன்னால வந்து உக்காரேன்" என்றார்.

"இங்கயே வசதியா இருக்கு. மீட்டரைப் போடுங்க."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் கை மீட்டருக்குப் போகவில்லை. "நமக்குள்ள என்னடா மீட்டரு?"

மைத்துனன் முன் சீட்டுகளின் நடுவே உடம்பை நீட்டி, மீட்டரின் பொத்தானைத் தானே அழுத்தினான். கதவைத் தவிர, அந்த வண்டியில் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் கை வைத்த பொருள் அது ஒன்றுதான்.

"மீட்டர் ஓடாம உங்க வண்டி ஓடாதே, மாமா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கறார் கியரைத் தள்ளிவிட்டுப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே போய்விட்டாள். பிறகு காலை எடுத்தார். வேறு எதையும் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி தானாகவே நகர்ந்தது.