பெரட்டில் அப்பா சொன்ன ஒரு வாக்கியம்

குருண் ஊரில் நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையில், இயந்திரத்தில் விரல்களை இழந்த முனியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "பேசுங்கண்ணே, ஒண்ணும் ஆவாது லா" என்று, வாசலில் மேலாளர் முன் கூடியிருந்த ஆட்கள் மைக்கை என் கையில் திணித்தார்கள். அது கீச்சிட்டதும், நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கெடுக்க, ஊதும் விசில் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. பிந்தி வந்த கர்ப்பிணி ஒருத்தியை, ஆட்களை மேய்க்கும் தண்டல் பிடித்துத் தள்ளினார். அப்பா வரிசையைவிட்டு முன்னே போனார்.

"பொம்பளய தொடாதீங்க."

தண்டல் கைத்தடியால் அவர் வாயிலேயே அடித்தார். இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன.

"இப்ப பேசுடா, வக்கீலு!"

அப்பா ரத்தத்தைத் துப்பிவிட்டு அதையே சொன்னார். மறுபடி அடி. மூன்றாம் முறை சொன்னபோது சொற்கள் குழறின. ஆனால் வரிசை மொத்தமும் முன்னே நகர்ந்தது. தண்டல் தடியை இறக்கினார்.

"முனிய திரும்ப வேலைக்கு எடுங்க, பாஸ்" என்றேன் மைக்கில். மேலாளர் சிரித்தார்.

நான் அதையே மறுபடி சொன்னேன்.