சைரன் இல்லாத அலாரம்

சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, வெளிர் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பெட்டி அது. முன்பக்கம் எண் பொத்தான்கள், ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மைக். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் திருட்டு அலாரத்தோடும் தொலைபேசி லைனோடும் அதை இணைத்துவிட்டால் போதும். யாராவது உள்ளே நுழைந்ததும், நாம் பதிந்துவைத்த எண்களுக்கு அது தானாகவே போன் போடும். எடுப்பவர் காதில் பதிவு செய்த செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த எனக்கு, டயலர் என்ற அந்தப் பெட்டியை மாட்டத் தெரியும் என்பதே பெரிய பெருமை. கடற்கரைச் சாலை பங்களாக்களில் எத்தனையோ மாட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய மாடி வீடு. வீட்டுக்காரர் சென்னையில் பெரிய பதவியில் இருந்தவர். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்குவார். மற்ற நாட்களில் வீடு, நான் அக்கா என்று கூப்பிடும் வேலைக்கார அம்மாவின் பொறுப்பு. பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். எட்டு வருடமாக அந்த வீட்டின் பின்கதவுச் சாவியும் அலாரத்தை நிறுத்தும் சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தன. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரே மகளுக்குப் புதுப்பட்டினத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம் அது. அலாரத்தைப் பழுதுபார்க்க நான் போனாலே வரக்காப்பி வந்துவிடும். "இன்னா பாயி, எப்ப பாரு ஒயர இஸ்த்துகினே கீற. இந்த வூட்ல திருட அப்டி இன்னாதான் கீது?" என்பார்.

டயலர் மாட்டப் போன அன்று வீட்டுக்காரர், தான் வரும்போது மட்டும் புழங்கும் மாடி அறைக்கு என்னை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். மிக மரியாதையான மனிதர். ஒருநாளும் என்னை ஒருமையில் பேசியதில்லை. சைரனைக் கழற்றிவிடச் சொன்னார், சத்தம் கேட்டால் ஆள் உஷாராகிவிடுமாம். கீழ்த்தளம் எப்போதும்போல் இருக்கட்டும், இந்த மாடி அறைக் கதவின் அலாரம் மட்டும் அக்காவின் சாவிக்குக் கட்டுப்படாமல் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்றார். அறையைப் பூட்டிவிட்டாலே போதுமே என்றேன்.

"பூட்டிட்டா யாரு உள்ள போறாங்கன்னு எப்படித் தெரியும் பாய்?" என்று சிரித்தார். "அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்."

அந்த இடத்திலேயே என் பையை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. செய்தியைப் பதிய என் குரல் கணீரென்று இருப்பதாகச் சொன்னார். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு, "மாமல்லபுரம் வீட்டில் ஆள் நுழைந்திருக்கிறது, உடனே கவனிக்கவும்" என்று பெட்டிக்குள் பேசினேன். கீழே வந்தபோது அக்கா மேலே என்ன வேலை என்று கேட்டார். போன் லைன் ரிப்பேர் என்றேன். அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அதைச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்துபோன வீட்டுக்காரர் மாடி ஜன்னலைச் சாத்தாமல் போயிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு, திரைச்சீலை நனைந்து வெளியே அடித்துக்கொண்டிருந்ததை அக்கா தெருவிலிருந்து பார்த்திருக்கிறார். பின்கதவைத் திறந்து, வழக்கம்போல் அலாரத்தை நிறுத்திவிட்டு, மாடிக்கு ஓடினார். சத்தமே இல்லை. அவர் ஜன்னலைச் சாத்தி, ஈர மெத்தையை நிமிர்த்தி, தரையில் நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நான், பெட்டியில் பதிந்த குரலாக, சென்னையில் வீட்டுக்காரர் காதில் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த போலீஸ் அதிகாரிக்குப் பேசினார். ஊருக்கு வரும் முன்னால் மீன் வாங்கி வைக்கச் சொல்வதற்குக் குப்பத்து டெலிபோன் பூத்துக்குப் பேசி அக்காவைக் கூப்பிடச் சொல்வது அவர் வழக்கம். அன்றைக்கு மட்டும் அந்த எண் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஜீப் வந்தது. நனைந்த புடவையோடு அக்காவை ஏற்றி, குப்பத்துக்கே கொண்டுபோய், படகு ஓரம் நின்ற அத்தனை பேர் கண்முன்னால் அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த புடவைகளைத் தகரப் பெட்டியிலிருந்து வாசலில் கொட்டி, இதெல்லாம் யார் வீட்டுப் புடவை என்று கேட்டார்கள்.

ஐந்தரை மணிக்கு என் கடைக்கு வீட்டுக்காரர் போன் போட்டார். "பாய், உங்க மெஷின் பிரமாதம். ஆள் மாட்டிக்கிச்சு. நான் நெனச்சது சரியாப் போச்சு." பிடிபட்டது யார் என்று கேட்டேன். சொன்னார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

மழையோடு பைக்கில் ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த எஸ்.ஐ.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: மாட்டியது நான், மறைத்தது நான், அந்த அம்மாவிடம் சாவி இருக்கிறது, போய் மெத்தையைத் தொட்டுப் பாருங்கள் என்று. அவர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஜன்னலை மறந்திருக்கலாம் என்று அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டது. "சரி, போம்மா. இனிமே சொல்லிட்டு உள்ள போ" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒருவர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

வாசலில் பைக்கில் ஏறச் சொன்னேன். அக்கா ஏறவில்லை.

"அன்னிக்கு மேல இதத்தான் மாட்டிகினு இருந்தியா பாயி?"

ஆமாம் என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நனைஞ்சா நனையட்டும்னு வுட்டுட்டுப் போயிருப்பேன்ல."

திட்டவில்லை, அழவில்லை. மழையில் நடந்து போய்விட்டார். என்னை நாலு பேர் நடுவில் செருப்பால் அடித்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

மறுநாள் வீட்டுக்காரர் பங்களாவுக்கு வந்தார்; நானும் போனேன். குப்பத்துக்கு வந்து, நாலு பேர் முன்னால் தப்பு உங்களுடையது என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். கேட்கவில்லை, கத்தினேன். "உணர்ச்சிவசப்படாதீங்க பாய். மெஷின் சரியாத்தானே வேலை செஞ்சுது?" என்றார், அதே மரியாதையோடு. டயலரைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டுவிட்டு வந்தேன். அவர் அன்று நிதானமாக இருந்ததுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்கோ உறைத்திருக்கிறது என்று தேற்றிக்கொண்டிருப்பேன்.

புதுப்பட்டினத்துச் சம்பந்தி வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லியனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். அங்கே போனேன். மாப்பிள்ளையின் அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நடந்ததை முழுக்கச் சொன்னேன், ரிப்பேர் என்று நான் சொன்ன பொய் உட்பட. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தம்மா மேல தப்பு இல்லன்னு எங்களுக்கும் தெரியும். ஊரு வாய்க்குத்தான் பயந்துகினு இருந்தோம்" என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. அக்கா அதற்குப் பிறகு எந்த பங்களா வேலைக்கும் போகவில்லை; இறால் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சில வருடம் கழித்துப் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் பேரப்பிள்ளையோடு எதிரில் வந்தார். என்னைப் பார்த்தார். குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கடந்து போனார்.

இப்போது டயலருக்கு வேலையில்லை. எல்லோருக்கும் கேமரா வேண்டும், கைபேசியிலேயே வீட்டைப் பார்க்க வேண்டும். போன மாதம் ஒருவர், சமையல் செய்யும் பெண்ணுக்குத் தெரியாமல் அடுப்படியில் ஒன்று வைக்கச் சொன்னார். அந்தப் பெண் அப்போது எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய் அவரிடம், கேமரா எங்கே வரப்போகிறது, அதில் என்னவெல்லாம் தெரியும் என்று விரலால் காட்டினேன். வீட்டுக்காரர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன்.