தம்பியோட கெண்டைக்கால்

எங்க தம்பி இராமையாவுக்கு அப்படியொரு கெண்டைக்கால். பூனாகலைத் தோட்டத்துல வேற எவனுக்கும் கெடையாது. கல்லு மாதிரி உருண்டு நிக்கும். "மலை ஏறப் பொறந்த காலு"ன்னு நாங்க குடியிருக்கிற லயமே சொல்லும். எனக்குப் பெருமை தாங்காது. பைத்தியக்காரி நான்!

தேயிலைச் செடிய வெட்டுற கவ்வாத்து வேலையில முப்பது வயசு வரைக்கும் அவனுக்கு ஒரு கொறையும் இல்ல. ரெண்டாயிரத்து ரெண்டுலதான் பின்தங்க ஆரம்பிச்சான். குந்துனா எந்திரிக்க முடியாது. முழங்கால்ல கைய ஊனி, அப்புறம் தொடையில ஊனி, தன் ஒடம்பு மேலயே தான் ஏறுற மாதிரி எந்திரிப்பான். லயத்துப் புள்ளைங்க அத நடிச்சுக் காட்டிச் சிரிக்கும். காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கையில கங்காணி கேட்டாரு: "இம்புட்டு மொத்தக் கால வச்சுக்கிட்டு என்னடா சோம்பேறித்தனம்? இப்படியே போனா பேர வெட்டிருவேன்."

பேர வெட்டுனா சோத்துக்கு எங்க போறது? எனக்குப் பதறிப் போச்சு. தெனமும் வேலை முடிஞ்சதும் கோயில் மேட்டுப் படியில அவன ஏத்துனேன், எறக்குனேன், மறுபடி ஏத்துனேன். "வலிக்குதுக்கா"ம்பான். "ஏற ஏறத்தாண்டா வலுக்கும்"பேன். அவன் என்னய எதுத்து ஒரு வார்த்த பேசல. அதுதான் இப்ப என்னயக் கொல்லுது.

ஒருநாள் அவனுக்கு மூத்திரம் பால் ஊத்தாத பிளேன் டீ நெறத்துல போச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா சத்தியபாமா, தொடையில துளி சதைய வெட்டி கொழும்புக்கு அனுப்புனாங்க. முடிவு வந்தன்னைக்கி என்னய மட்டும் உள்ள கூப்பிட்டாங்க.

"சதை இழுபடேக்க கிழியாமல் காக்க உள்ளுக்கு ஒரு புரதம் இருக்கு. பாவாடை இலாஸ்டிக் மாதிரி எண்டு வையுங்கோ. இவருக்கு அது பிறப்பிலேயே கட்டை, நீளம் காணாது. படி ஏறி இறங்க இறங்க சதை கிழியுது. கெண்டைக்காலில இருக்கிறது பலம் இல்லை, கொழுப்பு. இவர் சோம்பேறி இல்லையெண்டு தோட்டத்துத் துரைக்குக் கடிதம் தாறன்."

"மருந்து இருக்காங்கம்மா?"

"மாத்துறதுக்கு மருந்து இல்லை. இனிப் படி ஏத்தாதேங்கோ." பேனாவ வச்சுட்டு என்னயப் பாத்தாங்க. "இது தாய் வழியா வாறது. உங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இருக்கோ?"

இருக்கான். நிஷாந்த், ஏழு வயசு. அன்னைக்கிக் காலையிலதான் அவன் கெண்டைக்காலத் தடவி, "மாமன் காலு அப்படியே வந்திருக்கு"ன்னு கொஞ்சிட்டு வந்தேன்.

பஸ்ஸுல எனக்கு இருப்புக் கொள்ளல. தம்பி கையில கடிதம். பேரு தப்பிச்சிருச்சுன்னு அவன் சொன்னது என் காதுல ஏறல. லயத்துக்கு வந்ததும் வராததுமா நிஷாந்தக் கூப்பிட்டு, "குந்துடா, எந்திரிடா"ன்னேன். புள்ள முழங்கால்ல கைய ஊனி எந்திரிச்சான். எனக்கு உசுரே போச்சு.

"மாமா மாதிரி!"ன்னு இளிச்சான்.

பளார்னு அறைஞ்சேன். "கைய ஊனாம எந்திரிடா!"

அழுதுக்கிட்டே எந்திரிச்சான். கை படல. எனக்கு நம்பிக்கை வரல. "இன்னொருக்கா." எந்திரிச்சான். "இன்னொருக்கா!"

செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்ன தம்பி நடுவுல வந்து புள்ளையத் தன் பக்கம் இழுத்துக்கிட்டான்.

"போதும்க்கா. அவனுக்குக் காலு வலிக்கும்."

என்னய எதுத்து அவன் பேசுன மொத வார்த்த அது.