பாஸ்போர்ட் சைஸ் துப்பாக்கி

துப்பாக்கியைக் காட்டிப் போட்டோ எடுத்த கடை ஈஜிபுராவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடை என் மாமாவுடையது. துப்பாக்கி என்னுடையது. பெயர் மட்டும் பெரியம்மா மகளுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு லேசாக எரிகிறது. சாம்பாரில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் எங்கள் பெங்களூர் சாம்பாரில் வெல்லம்தான் போடுவார்கள்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்புக்கும் எனக்கும் எட்டாவதோடு உறவு முறிந்தது. வாத்தியார்கள் யாரும் அழவில்லை. ஒருவர் லட்டு கொடுத்ததாகக் கேள்வி. இந்தக் கதை அதற்கும் முன்னால், எனக்குப் பதினொரு வயதில் நடந்தது. அந்த வயதில் எனக்கிருந்த ஒரே தகுதி, எங்கள் சந்திலேயே டிவி கேம் வைத்திருந்த ஒரே பையன் என்பது.

சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடி, கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு துப்பாக்கி. திரையில் வாத்து பறக்கும், சுட வேண்டும். நான் சுட்டு ஒரு வாத்தும் தப்பியதில்லை. டிவியைப் பார்த்துச் சுட்டால்தானே தப்பும்? டியூப்லைட்டைப் பார்த்துச் சுட்டால் எல்லா வாத்தும் தானாக விழும். சந்துப் பையன்கள் வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பின்னால் நின்று கையை மெல்ல உயர்த்துவேன். குறி பார்ப்பதில் நான் புலி என்று அவர்கள் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நானும் நம்பிவிட்டேன்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், மேஜை ஓரத்தில் ஸ்டாண்டில், கம்ப்யூட்டரோடு ஒயர் போட்ட ஒரு குட்டிக் கேமரா. அதில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. கோடை லீவில் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைப்பதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அரசாங்க வேலை கிடைத்தவன்போல நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

லீவு விட்டதும் சந்தாபுராவிலிருந்து பெரியம்மா மகள் வந்து இறங்கினாள்.

என்னைவிட இரண்டு வயது பெரியவள். அக்கா என்று கூப்பிட வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டேன், இல்லையென்றால் 'சந்தாபுரா'. அவள் ரேடியோவைக் கழற்றி மறுபடி மாட்டுவாள். மாட்டிய பிறகும் அது பாடும். நான் கழற்றிய எதுவும் அதற்குப் பிறகு பாடியதில்லை. போதாததற்கு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். அம்மாவுக்கு அதைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை. "பாருடா, அந்தப் புள்ள தட்டத் தானே கழுவுது. நீயும் ரெண்டு கையோடதானே பொறந்த?" அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் இருந்த ஈரல் அவள் தட்டுக்குப் போனது. பிறந்ததிலிருந்து அந்த ஈரல் என்னுடையது.

அவள் முன்னால் நான் யார் என்று காட்ட வேண்டியிருந்தது. வாத்து சுட்டுக் காட்டலாம் என்று கேம் பெட்டியை எடுத்தேன். அன்று பார்த்து அதன் அடாப்டர் உயிரை விட்டிருந்தது. கேபிள் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கினேன். அதன் முனை சரியாக நுழைந்தது. நுழைந்தால் சரி என்பதுதான் நான் கற்ற எலக்ட்ரானிக்ஸ்.

"டேய், அது வேற வோல்ட்டுடா. போடாத."

வேறு யார் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பேன். சொன்னது சந்தாபுரா என்பதால் சுவிட்சைத் தட்டினேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு புகை எழுந்து, சாமி படம் வரைக்கும் போய்க் கலைந்தது. நாற்றம் மட்டும் சாயங்காலம்வரை இருந்தது.

அதற்குப் பிறகு சந்துப் பையன் ஒருவனும் வீட்டுப் பக்கம் வரவில்லை. இழவு வீட்டுக்காவது நாலு பேர் வருவார்கள். நான் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். சோறு வேண்டாம் என்றேன். கடைக்கும் வரமாட்டேன் என்றேன். யாராவது கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கெஞ்சவில்லை; எனக்குப் பதிலாக அவளை மாமா கடைக்குக் கூட்டிப்போனார். போன முதல் நாளே அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, நான் படுத்த பாயை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தேன்.

மாமாவுக்குக் கடையில் ஒரு தொல்லை இருந்தது. அது ஸ்கூல் அட்மிஷன் சமயம். குழந்தைகளுக்குப் போட்டோ எடுக்க வரிசையில் நிற்பார்கள். பின்னால் வெள்ளைத் துணியைப் பிடிக்க வேண்டும், குழந்தையின் தலையையும் நேராக்க வேண்டும். சந்தாபுராவுக்கு ஜெராக்ஸ் வரிசையைப் பார்க்கவே சரியாக இருக்கும். துணியையும் தலையையும் சரிசெய்துவிட்டு மாமா ஓடிவந்து, போட்டோ விழ மவுஸை அழுத்துவதற்குள், குழந்தை திரும்பிக்கொள்ளும் அல்லது அழும். வரிசையில் பாதிப் பேர் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார்கள். அம்மா ஒருநாள் கடைக்கே போய், பையன் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டான் என்று மாமாவிடம் அழுதிருக்கிறாள். அன்று சாயங்காலம் சந்தாபுரா வந்து என் பாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கன்னைக் குடுடா."

"எதுக்கு?"

"மாமா கடைக்கு ஒண்ணு செய்யணும்."

"ஏன், ஒங்க சந்தாபுராவுல கன்னு கெடைக்காதா?"

"கெடைக்கும். ஆனா அதுக்கு வாத்து சுட்ட சர்வீஸ் இருக்காதே."

சிரிக்காமல்தான் சொன்னாள். நான் துப்பாக்கியை வயிற்றுக்கு அடியில் வைத்து அதன்மேல் குப்புறப் படுத்தேன். அம்மா வந்தாள், என்னை ஒரு புரட்டுப் புரட்டினாள், துப்பாக்கியைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தாள். எங்கள் வீட்டுக் கோர்ட்டில் வாய்தாவே கிடையாது.

மறுநாள் என்னால் படுத்திருக்க முடியவில்லை. என் துப்பாக்கிக்கு என்ன கதி என்று பார்க்கப் போனேன். மாமா கடையை ஒட்டி ஒரு பாய் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அங்கே அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி மீன் மாதிரி இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய ஒரு மவுஸ். பச்சை, வெள்ளை என்று இரண்டு ஒயர்களின் ஒரு முனையை மவுஸின் இடது பட்டனுக்கு அடியிலும், மறு முனையைத் துப்பாக்கியின் விசைக்குள்ளும் வைத்து ஊதி ஊதி ஒட்டினாள். இனிமேல் துப்பாக்கியை அழுத்தினால் மவுஸை அழுத்தியது மாதிரி.

என் முகத்தைப் பார்த்த பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அரே, சின்ன மாமூ! ஒன் பந்தூக்குக்கு ஆபரேஷன் ஆவுது. அழறது மட்டும் இங்க நக்கோ, போர்டு நனைஞ்சுடும்."

கடைக்கு எடுத்துப்போய் சோதனை பார்த்தார்கள். ஸ்க்ரீனில் அம்புக்குறியைப் போட்டோ பட்டன்மேல் நிறுத்திவிட்டு, அவள் துப்பாக்கியை அழுத்தினாள். டிக். ஸ்க்ரீனில் மாமாவின் முகம் அப்படியே நின்றது.

"சக்கத்தா இருக்கு பாப்பா!" என்றார் மாமா. மசால் தோசையைத் தவிர வேறு எதையும் அவர் சக்கத் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் துப்பாக்கியை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, நீ புடி. எனக்கு ஒன்ன மாதிரிக் குறி பாக்க வராது."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். வாங்கித் திரும்பிப் பார்த்தால் அவள் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவள் மேனேஜர், நான் கன்னோடு நிற்கும் வாட்ச்மேன்.

முதலில் வந்தது கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அந்தக் குழந்தை ஏற்கெனவே அழுதுகொண்டுதான் வந்தது.

"அய்யோ, கன்னு எதுக்குப்பா? கொழந்த பயந்துக்கும்!"

"அது கன்னில்லம்மா, மவுஸு," என்று வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து மாமா சொன்னார். அந்த அம்மாவுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

எனக்குள் ஒரு திட்டம் தயாராக இருந்தது. போட்டோ கெட்டுப்போக வேண்டும். கெட்டுப்போனால் பழி துப்பாக்கி செய்தவளுக்கு. எனவே அந்த அம்மா குழந்தையை நிமிர்த்தி, தலை வாரி, "இங்க பாரு, இங்க பாரு" என்று ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, ஒற்றைக் கண்ணை மூடி, அதன் நெற்றியைக் குறி பார்த்து, டிக்.

மாமா, சந்தாபுரா, அந்த அம்மா மூன்று பேரும் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தார்கள். குழந்தை ஆரஞ்சுத் துப்பாக்கியைப் பார்த்து அழுகையை மறந்து, பொக்கை வாயோடு சிரிக்கத் தொடங்கியிருந்தது. கண் இரண்டும் நேராக இருந்தன. அந்த அம்மா நாற்காலிப் பக்கம் திரும்பி, "நீ செஞ்சதாம்மா இது? எத்தன கடை ஏறி எறங்குனேன், எங்கயும் அழாத போட்டோ வரல!" என்று சந்தாபுராவின் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் விரலைச் சொடுக்கினாள். சுட்டவன் நான். என் கன்னம் சும்மா இருந்தது.

நான் விடவில்லை. எல்லோரையும் தயாராவதற்கு முன்பே சுட்டேன். விதி பாருங்கள், போட்டோவுக்கென்று முகத்தை இறுக்கிக்கொள்வதற்கு முன்னால்தான் மனுஷர்கள் அழகாக இருக்கிறார்கள். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்த ஒரு பெரியவர், துப்பாக்கியைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். கழுத்துக்குக் கீழே வெட்டியதும் அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நான் கெடுக்கக் கெடுக்கக் கூட்டம் கூடியது. "அந்தப் பொண்ணு செஞ்ச கன்னுல எடுத்தா மூஞ்சி நல்லா வருதாம்" என்று விவேக் நகரிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் ஒரு ஆளிடம், "சுட்டது நான்" என்று சொல்லிவிட்டேன். "சரிப்பா, செஞ்சது யாரு?" என்று கேட்டார் அவர். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் மேஜை டிராயரில் இருந்தது. கத்தரிக்கோல் தேடும்போது கண்ணில் பட்டது: ஒரு காலிங் பெல் சுவிட்ச். பின்னாலிருந்து பச்சையும் வெள்ளையுமாக இரண்டு ஒயர் துண்டுகள் வால்போலத் தொங்கின. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அழுத்துவதற்கு ஒரு சுவிட்ச் வேண்டும் என்றால் இது போதாதா? டிராயருக்குள்ளேயே இருப்பது அந்த அறிவாளியின் கண்ணில் படவில்லை; அதற்குப் போய் என் துப்பாக்கியைக் கிழித்திருக்கிறாள்! வெளியே சொன்னால் அதையும் எடுத்து ஏதாவது செய்து பெயர் வாங்கிவிடுவாள் என்று, டிராயரை மெதுவாக மூடிவிட்டேன். அந்த ரகசியத்தோடு அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். லீவு விட்டதிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை என்று அம்மா சொன்னாள்.

லீவு முடிந்து அவள் சந்தாபுரா பஸ் ஏறினாள். அவள் போன அன்றே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். நாலு சுற்றுச் சுற்றினேன், தலை சுற்றியது, இறங்கிவிட்டேன். துப்பாக்கியோடு நிற்பதுதான் எனக்குப் பழகியிருந்தது.

இப்போது கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். ஜனங்கள் 'ரெடியா?' என்று கேட்பதற்கு முன்னால் எடுத்துவிடுவேன். அதுதான் என் தொழில் ரகசியம். அக்கா ஏதோ கம்பெனியில் ஏதோ பெரிய வேலையில் இருக்கிறாள். வேலையின் பெயரைச் சொல்லியிருக்கிறாள், என் வாயில்தான் நிற்கவில்லை. போன மாதம் மாமா கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினார். சாமான் கட்டப் போனேன். டிராயரைக் கவிழ்த்தபோது குண்டூசி, ரப்பர் ஸ்டாம்பு, போட்டோக்களிலிருந்து வெட்டிப்போட்ட யார் யாருடையதோ தோள்களோடு அந்தக் காலிங் பெல் சுவிட்சும் விழுந்தது. வால் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததை மாமாவிடம் கொட்டிவிட்டேன். பாத்தீங்களா, இது இங்கேயே இருந்தது, உங்க பாப்பா கண்ணுக்குத் தெரியலை என்றேன்.

மாமா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னார்.

"அட போடா மாப்ளே. அவதானடா இத செஞ்சா. மொதல்ல இதத்தான் மவுஸுக்குப் போட்டுக் குடுத்துச்சு. அன்னிக்குப் பூரா இதுலதான் எடுத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஒங்கம்மா வந்து அழுதுட்டுப் போனப்புறம், 'இருங்க மாமா, வேற வெக்கறேன்'னு இதக் கழட்டிப் போட்டுட்டுக் கெளம்பிச்சு."

சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

நான் சுவிட்சை அழுத்திப் பார்த்தேன். டிக். நல்ல சத்தம். துப்பாக்கியைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

எனக்கு ஒன்ன மாதிரிக் குறி பாக்க வராது என்று சொல்லித்தான் அன்று அவள் துப்பாக்கியை நீட்டினாள். அவள் தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். படம் பிடித்தது ஸ்டாண்டில் இருந்த கேமரா. துப்பாக்கியைக் கூரையைப் பார்த்து அழுத்தினாலும், முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்தினாலும் அதே படம்தான் விழும். அந்த லீவு முழுக்க நான் ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஊர் ஜனங்களின் நெற்றியை ஒவ்வொன்றாகக் குறி பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குறியே வேண்டாம்டா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.