வேகாத ஓரம்

உரக் குவியலுக்குள் வெப்பமானிக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரோஸ்லெட் அக்காளின் மகள் ஜின்சி. "சித்தி, அம்மை போயாச்சு" என்றாள். கம்பியை உருவ மறந்து, கைகூடக் கழுவாமல் அக்காள் வீடு இருக்கும் பாறசாலைக்கு பஸ் ஏறினேன்.

உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில், பச்சைக் கழிவை உரமாக்கும் களத்தில் பதினோரு வருடம் நானும் அக்காளும் சேர்ந்து வேலை செய்தோம். அக்கா என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். அவரோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அதை நான் மாற்றிச் சொன்னால் அவருக்கே பிடிக்காது.

பச்சைக் கழிவை அள்ளும் மண்வெட்டியின் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார். அது பக்குவமான உரத்தில் படவே கூடாது. ஒருநாள் அவசரத்தில் நான் அதை எடுத்து, சலித்து வைத்திருந்த உரத்தை அள்ளிவிட்டேன். அத்தனையையும் திரும்பச் சூடேற்றும் குவியலுக்குள் போடச் சொன்னார். எட்டுப் பெண்களின் ஒரு வார வேலை. "உங்களுக்குக் கிறுக்காக்கும்" என்று கத்தினேன். "கிறுக்கு எனக்கு இருந்துட்டுப் போட்டும். நோய் உரத்துக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் குனிந்து அள்ளினார்.

குவியலின் நடுவில் கை வைக்க முடியாத சூடு இருக்கும். அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்படுவோம். அக்காளோ கம்பியை ஓரத்தில்தான் குத்துவார். "நடு தன்னால வேகும். ஓரம் வேகாது மக்கா. நோய் அங்கதான் ஒளிஞ்சு கிடக்கும்." அதனால் வெளிப்புறத்தை வெட்டி உள்ளே தள்ளி, மூன்று தடவையாவது புரட்ட வேண்டும். கடைசியில் அந்த உரத்தில் தக்காளி நாற்று வைத்துப் பார்ப்பார். நாற்று வாடாமல் நின்றால்தான் மூட்டை கட்டவே விடுவார்.

இனி சொல்லப்போவது, அக்காளை அறிந்த உங்களில் யாருக்கும் தெரியாது.

ஜின்சியின் பேறுகாலத்துக்காக அக்கா லீவில் இருந்த நாட்கள் அவை. கோயில் கொடைவிழா முடிந்து, வாசலில் கட்டியிருந்த குலைவாழைகள் களத்துக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முக்கால்வாசி வெந்து முடிந்த குவியல் ஒன்று பார்க்க அலங்கோலமாக இருந்தது. வாழைத்தடிகளை வெட்டி, அதைச் சுற்றி மதில் போல அழகாக அடுக்கினேன். வெட்டும்போதே சிலவற்றுக்குள் செம்பழுப்புக் கோடுகள் ஓடுவதைப் பார்த்தேன். வாடல் நோயின் அடையாளம் அது. பார்த்துக்கொண்டேதான் அடுக்கினேன். வந்தவர் "கொள்ளாம், கொள்ளாம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பிறகு அந்தத் தடிகளைக் கொத்திக் குவியலோடு கலந்துவிட்டேன். ஒற்றசேகரமங்கலத்து பாபு அண்ணன் நடவுக்கு உரம் கேட்டு அவசரப்படுத்தினார். மறுபடி புரட்டவில்லை, நாற்று வைத்தும் பார்க்கவில்லை, கொடுத்துவிட்டேன்.

ஆறாவது மாதம் அவருடைய ரசகதலி வாழைகளின் இலைகள் ஓரம் மஞ்சளித்து, ஒடிந்து தொங்கின. நானும் அக்காளும் போனோம். ஒரு வாழையை வெட்டி, கோடுகளைப் பார்த்தார் அக்கா. கன்று எங்கே எடுத்தது என்று கேட்டார். பாபு அண்ணனின் சொந்தத் தோட்டத்துக் கன்றுதான். அதே கன்றை வைத்து, எங்கள் உரம் இல்லாமல் சாணம் மட்டும் போட்ட வரிசை பச்சையாக நின்றது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"தப்பு எங்க களத்துல ஆக்கும். பொறுப்பு எனக்கு" என்றார் பாபு அண்ணனிடம்.

"இனி இந்த மண்ணுல ரசகதலி வைக்க முடியுமா?"

"இப்ப முடியாது. வருசக்கணக்கா அந்த நோய் மண்ணுல கிடக்கும்."

"அப்ப இனி எனக்க மூஞ்சியில முழிக்காத" என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டேன். நீயே போய்ச் சொல்லணும்." நான் தலையாட்டினேன். ஆனால் போகவில்லை. அந்த வருடம் அக்காளும் பாபு அண்ணனும் போகும் சபையில் நடந்த அசன விருந்துக்கு அக்கா என்னையும் அழைத்திருந்தார். பந்தியில் அக்கா சோறு விளம்பிக்கொண்டே வர, பாபு அண்ணன் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். அக்கா அடுத்த இலைக்குச் சோறு வைத்தார். நான் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல் மெலிந்திருந்தது. "ஏட்டி, பாபுகிட்ட சொன்னியா?" என்று கேட்டார். "அடுத்த வாரம் போறேன் அக்கா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாரத்துக்குள் ஜின்சியின் போன் வந்துவிட்டது.

அடக்கத்துக்கு பாபு அண்ணனும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தின் மதில் பக்கம் தனியாக நின்றார். போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மண் தள்ளிக்கொண்டிருந்த குழியையே பார்த்தார்.

"ரெண்டு வருசம் அவகிட்ட ஒரு வார்த்தை மிண்டாம இருந்தேனே" என்றார். பிறகு அந்தப் பெரிய மனிதர் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சிவப்புத் துணி கட்டிய மண்வெட்டி இப்போது என் கையில் இருக்கிறது. கம்பியை ஓரத்தில் குத்தவும் நான் மறப்பதில்லை. ஆனால் அக்கா எனக்கு விட்டுப்போனது "சொன்னியா?" என்ற அந்த ஒரு கேள்விதான். ஓரத்தை வெட்டி நடுவே தள்ளும் ஒவ்வொரு தடவையும் அது காதில் விழுகிறது.

சொல்லிவிட்டேன் அக்கா. நீங்கள் கேட்கிற இடத்தில் இருந்தபோது சொல்லவில்லை.